கதைக்குக் கீழே ஒரு மொட்டைக் கடுதாசி

மின்னஞ்சல் பெட்டியில் ஒரு வரி தடித்த எழுத்தில் வந்து நிற்கிறது. முன்னால் சதுர அடைப்புக்குள் 'ஏஓ3' என்ற பெயர். பக்கத்தில், முந்தின இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து ஏற்றிய கதையின் தலைப்பு. அதற்குள் 200 பேர் கதையைத் திறந்து பார்த்துவிட்டதாக எண்ணிக்கை காட்டுகிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதுதான் முதல் குரல். எழுதியவரின் விரல் அவசரமாக அதைத் தட்டுகிறது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கெஸ்ட்' என்று மட்டும் இருக்கிறது. கீழே இரண்டு வரி. நல்ல பாத்திரத்தை நாசம் செய்தாயிற்று, இங்கிலீஷும் சரியாக வரவில்லை, இத்தோடு எழுதுவதை நிறுத்திக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. அவ்வளவுதான். வணக்கமும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

திருப்பிக் கேட்கலாமென்றால் எதிரே ஆள் கிடையாது. போனைக் கவிழ்த்து வைக்கலாம். அந்த இரண்டு வரி அதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கும்.

மற்றவர் உருவாக்கிய பாத்திரங்களை வைத்துக் கதை எழுதும் ஃபேன் ஃபிக்‌ஷன் எழுத்தாளர்களுக்கு இது பழகிப்போன அனுபவம். தமிழில் இதற்கு நெடுநாளாக ஒரு பெயர் இருக்கிறது: மொட்டைக் கடுதாசி. கல்யாணத்தைக் கலைக்கவும் மேலதிகாரியிடம் கோள் மூட்டவும் அனுப்புநர் முகவரி இல்லாமல் போடப்பட்ட அதே கடிதம்தான். அந்தக் காலத்தில் தபால்காரர் தேவைப்பட்டார், பெற்றவர் கிழித்துப் போட்டால் விஷயம் முடிந்தது. இப்போது கடிதம் கதையின் அடியிலேயே, வருகிறவர் போகிறவரெல்லாம் படிக்கும்படி ஒட்டப்படுகிறது.

கூலி இல்லாத எழுத்து

ஷெர்லாக் ஹோம்ஸ், ஹாரி பாட்டர், நருட்டோ, பிடிஎஸ் பாடகர்கள் என்று யார் மேலாவது பிரியம் வைத்த ரசிகர், மூலக்கதை விட்ட இடத்திலிருந்தோ விலகியோ சொந்தமாக எழுதுவது ஃபேன் ஃபிக்‌ஷன். சுருக்கமாக ஃபிக். பெயர்தான் புதிது, பழக்கம் தமிழுக்குப் பழையது. ராமாயணம் விட்ட இடத்தில் அகலிகையை எடுத்துக்கொண்டு புதுமைப்பித்தன் 1943இல் 'சாபவிமோசனம்' எழுதினார். 'பொன்னியின் செல்வ'னின் கதையைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். இன்றைய ஃபிக்குகளுக்குப் பெரிய தடை பதிப்புரிமை. பாத்திரங்களுக்கு வேறொருவர் உரிமையாளராக இருப்பதால் பெரும்பாலான ஃபிக்குகளை விற்க முடியாது.

இன்றைய வடிவம் அமெரிக்காவின் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரோடு பிறந்தது. தொடர் 1966இல் தொடங்கியது; அடுத்த ஆண்டே 'ஸ்போக்கனேலியா' என்ற ரசிகர் இதழ் வந்துவிட்டது. சைக்ளோஸ்டைல் பிரதிகள் தபாலில் கைமாறின. 1998இல் ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளமும், 2006இல் கனடாவில் வாட்பேடும், 2009இல் ஏஓ3 என்ற ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் களஞ்சியமும் வந்தபிறகு எழுத விரும்பியவருக்குத் தடை எதுவும் இல்லாமல் போனது.

விதிவிலக்காகச் சிலர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' முதலில் 'ட்வைலைட்' நாவலுக்கு எழுதப்பட்ட ஃபிக். அன்னா டாட் 2013இல் வாட்பேடில் தொடங்கிய 'ஆஃப்டர்' ஒரு பாடகர் குழுவின் ரசிகை எழுதியது. பிறகு புத்தகமாகவும் திரைப்படமாகவும் வந்தது. மற்ற லட்சக்கணக்கானவர்களுக்குக் காசு கிடையாது, விருது கிடையாது, அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது. கிடைக்கும் கூலி ஒன்றே ஒன்று: கதைக்குக் கீழே யாராவது எழுதிப்போகும் நாலு வார்த்தை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதுதான் புரிவதில்லை. 'ஒரு கமென்ட்டுக்கா இவ்வளவு வருத்தம்?' என்று கேட்கிறவர்கள், மாதம் முழுக்க வேலை செய்தவருக்குச் சம்பளக் கவரில் வசவுச் சீட்டு வைத்துக் கொடுத்தால் எப்படியிருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

அந்தக் கூலியும் சொற்பம். படிப்பவர்களில் பெரும்பாலோர் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிறவர்கள். ஆகவே ஒரு வசவு இருபது பாராட்டுகளுக்கு நடுவே வந்து கரைந்துபோவதில்லை; பல நேரம் வெறும் மௌனத்துக்கு நடுவே தனியாக வந்து விழுகிறது.

பெட்டிச் செய்தி: ஏஓ3, ஒரு பார்வை

2007இல் ரசிகர்களே தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று இதை நடத்துகிறது. நாவலாசிரியர் நவோமி நோவிக் அதை நிறுவியவர்களில் ஒருவர். விளம்பரம் கிடையாது, நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் ஓடுகிறது. 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. இன்று அதிலுள்ள படைப்புகள் 1 கோடிக்கும் மேல். 2019இல் அறிவியல் புனைவு உலகின் பெருமைமிக்க ஹியூகோ விருது இந்தத் தளத்துக்கே வழங்கப்பட்டது. பிடித்திருந்தால் தட்ட ஒரு இதயக்குறி உண்டு, பெயர் கூடோஸ். பிடிக்கவில்லை என்று தட்டுவதற்குப் பொத்தானே கிடையாது. ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்ற மதிப்பெண்ணும் இல்லை.

கையெழுத்துப் போட்ட விமர்சனம்

தபால் காலத்தில் விமர்சனம் இல்லாமலில்லை. இதழைப் படித்தவர்கள் ஆசிரியருக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார்கள். அடுத்த இதழில் அவை பெயரோடு அச்சாயின. அடுத்த ரசிகர் மாநாட்டில் எழுதியவரும் விமர்சித்தவரும் ஒரே காப்பி மேசையில் உட்கார வேண்டிவரும் என்பது இருவருக்கும் தெரியும். நடுவில் ஓர் ஆசிரியர் இருந்தார். வெறும் வசவை அச்சடித்துக் காகிதத்தை வீணாக்க அவருக்கு மனம் வராது.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிடவும் கூடாது. 1973இல் பாலா ஸ்மித் என்ற ரசிகை தன் இதழில் 'ஸ்டார் ட்ரெக்' பாணியில் ஒரு சிறு கேலிக்கதை எழுதினார். லெப்டினன்ட் மேரி சூ, வயது பதினைந்தரை, விண்வெளிப் படையிலேயே மிக இளையவள். அழகி, அறிவாளி, கேப்டனே காதலிக்கும் அளவு கவர்ச்சி. கடைசியில் எல்லாரும் கண்ணீர் விட வீரமரணம். புதிதாக எழுத வருகிற பெண்கள் தங்களையே கதாநாயகி ஆக்கிக்கொள்ளும் பழக்கத்தைக் கிண்டல் செய்த கதை அது. கிண்டல் கூர்மையானது, நியாயமும் இல்லாமல் இல்லை. விளைவுதான் எல்லை மீறிப் போயிற்று. 'மேரி சூ' என்பது வசைச்சொல் ஆனது. கதையில் ஒரு புதுப் பெண் பாத்திரம் வந்தாலே அந்த முத்திரை விழுந்தது. அந்தப் பட்டம் வந்துவிடுமோ என்ற பயத்தில் பெண் எழுத்தாளர்கள் பெண் பாத்திரங்களையே எழுதத் தயங்கியதை 1992இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் கமீல் பேகன்-ஸ்மித் பதிவுசெய்திருக்கிறார்.

கேலி செய்தவர் முகம் தெரியாதவர் இல்லை, தன் சொந்த இதழில்தான் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியும் காயம் பட்டது. எல்லாப் பழியையும் பெயரின்மை மேல் போடுகிறவர்களுக்கு இந்த வரலாறு கொஞ்சம் இடைஞ்சல்தான்.

முகம் மறைந்த விதம்

இணையம் வந்ததும் நடுவிலிருந்த ஆசிரியர் காணாமல் போனார். ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட்டில் கணக்கு இல்லாதவரும் ரிவ்யூ எழுதலாம். வெறும் வசவாக வருவதற்கு 'ஃப்ளேம்' என்று பெயர் வைத்தார்கள். மோசமான சினிமாவைத் திரையிட்டு வரிக்கு வரி நையாண்டி செய்யும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பின்பற்றி, அடுத்தவர் கதையை எடுத்துப்போட்டு இடையிடையே கேலி எழுதுவது ஒரு பொழுதுபோக்கே ஆனது. கேலிக்கு ஆளானவர் பெரும்பாலும் பள்ளி மாணவி. எழுதிப் பழகுகிற வயது.

இந்தக் காலத்தின் அடையாளமாக நிற்பது 2006இல் தொடங்கிய 'மை இம்மார்ட்டல்' என்ற ஹாரி பாட்டர் ஃபிக். எழுத்துப்பிழை இல்லாத வரியைத் தேட வேண்டியிருந்த அந்தக் கதையைப் படிக்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள், பெரும்பாலும் சிரிப்பதற்கு. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆசிரியர் குறிப்பில் ஃப்ளேம் போடுகிறவர்களை எழுதியவர் திட்டினார். திட்டத் திட்டக் கூட்டம் கூடியது. கடைசியில் கதை ஒரு புறம் கிடக்க, அந்தச் சண்டையே தனிக்கதை ஆயிற்று. அது உண்மையாகவே ஒரு சிறுமி எழுதியதா, அல்லது மோசமான ஃபிக்குகளைப் பகடி செய்ய யாரோ திட்டமிட்டு எழுதியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. திட்டுகிறவர் மட்டுமல்ல, திட்டு வாங்குகிறவரும் முகமூடிதான் என்பதை அந்த விவாதம் நினைவூட்டுகிறது.

ஏஓ3யில் கெஸ்ட்டுகள் நிறையப் பேர் இருப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அங்கே கணக்குத் தொடங்க அழைப்பு வேண்டும். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். அதுவரை படிக்கலாம், கெஸ்ட்டாகக் கருத்தும் எழுதலாம். ஒரு பெயரும் மின்னஞ்சலும் கேட்பார்கள். இரண்டும் உண்மையா என்று யாரும் சோதிப்பதில்லை. இப்படி வருகிறவர்களில் கூச்ச சுபாவக்காரர் உண்டு, பாஸ்வேர்டை மறந்தவர் உண்டு, வீட்டார் பார்வையில் படாமல் படிக்கிற பிள்ளைகள் உண்டு. மிக நெகிழ்ச்சியான கடிதங்களை எழுதுகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். கதவை மூடுவது அதனால்தான் சுலபமான முடிவாக இருப்பதில்லை.

முகம் தெரியாது, எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டாம், உடனே பதில் வராது என்ற நிலையில் மனிதர்கள் நேரில் சொல்லத் துணியாததைச் சொல்லிவிடுகிறார்கள். உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் இதைத் தனி விளைவாகவே பெயரிட்டு விளக்கினார். கெட்டது நல்லதைவிட மனதில் ஆழமாகப் பதிகிறது என்பதை ராய் பௌமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் 2001இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். எழுதுகிறவர் மொழியில்: பாராட்டு மாலைக்குள் மறந்துவிடும், வசவு வருஷம் தாண்டியும் வரி பிசகாமல் நினைவில் நிற்கும்.

பெட்டிச் செய்தி: உள்ளே புழங்கும் சொற்கள்

பீட்டா: கதையை வெளியிடும் முன் படித்துப் பிழை திருத்தித் தரும் நண்பர். பெரும்பாலும் நேரில் பார்த்தே இராதவர்.
ஷிப்: எந்தப் பாத்திரம் யாரோடு சேர வேண்டும் என்ற ரசிகரின் விருப்ப ஜோடி. மோதல்களில் பாதிக்கு வேர் இது.
கான்கிரிட்: குறை சொல்லித் திருத்த உதவும் விமர்சனம். கட்டடத்துக்குப் போடும் காங்கிரீட்டோடு தொடர்பில்லை, தலையில் விழுந்தால் வலி ஏறக்குறைய ஒன்று.
'பிடிக்கலையா, படிக்காதே': எழுத்தாளர்கள் கதைக்கு மேலே மாட்டும் அறிவிப்புப் பலகை.

வசவு மட்டுமா வருகிறது?

எல்லாக் கெஸ்ட் கருத்தையும் 'விமர்சனம்' என்ற ஒரே கூடையில் போட முடியாது. இலக்கணப் பிழையைச் சுட்டுவது ஒன்று. கேட்காமலே சொன்னாலும் அதில் உபகார நோக்கம் இருக்கலாம். பாத்திரங்களைத் தவறான ஆளோடு சேர்த்துவிட்டதாகச் சீறுவது வேறு. அங்கே கதையின் தரம் பேச்சே இல்லை. இப்படிப்பட்ட விஷயத்தை எழுதலாமா, எழுதுகிறவர் நல்லவராக இருப்பாரா என்று ஒழுக்கத் தீர்ப்பு வழங்கும் வகை கடந்த பத்தாண்டில் பெருத்திருக்கிறது. 'அடுத்த அத்தியாயம் எங்கே?' என்று கடன்காரர்போல் வந்து நிற்பதும் ஒரு தொல்லை. உரிமையோடு கேட்பதாக அனுப்புகிறவர் நினைப்பார்.

அண்மைக் காலத்தில் இரண்டு புது வகைகள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, 'இதை ஏஐதான் எழுதியது' என்ற குற்றச்சாட்டு. நீள்கோடு அதிகம் இருக்கிறது, வாக்கியம் அளவுக்கு மீறிச் சீராக இருக்கிறது என்று ஏதோ ஒரு காரணம். எத்தனையோ ஆண்டுக்கு முன்பே ஏற்றிய கதைக்கும் இது வருகிறது. மோசமாக எழுதுகிறாய் என்று சொன்னால் அடுத்த கதையில் திருத்திக்கொள்ளலாம். நீ எழுதவே இல்லை என்று சொல்பவரிடம் எதைக் காட்டி நிரூபிப்பது? பலருக்கு ஒரே வாசகத்தில் இந்தப் பழி போவதிலிருந்து, இதை அனுப்புவதும் சில சமயம் ஆள் இல்லை, தானியங்கி நிரல்தான் என்று தெரிகிறது. மனிதரை இயந்திரம் என்று ஓர் இயந்திரம் குற்றம் சாட்டும் காலம் இது.

இரண்டாவது வகை பார்வைக்கு இனிப்பு. 'உங்கள் கதையைப் படித்து அசந்துபோனேன், காட்சிகளெல்லாம் கண்முன் நிற்கின்றன, இதைச் சித்திரக்கதையாக வரைய ஆசை, டிஸ்கார்டில் பேசலாமா?' என்ற மாதிரி. நம்பிப் போனால் சில நிமிடத்தில் கட்டணம் பேசுவார்கள். பணம் போகும், படம் வந்தால் அதுவும் வேறு யாருடையதாகவோ இருக்கும். கருத்தைக் கூர்ந்து பார்த்தால் கதாபாத்திரத்தின் பெயர்கூட அதில் இருக்காது. எத்தனையோ மாதம் மௌனத்தில் எழுதியவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு மோசடி என்று தெரியவரும்போது ஏற்படும் ஏமாற்றம், நேரடி வசவு தருவதற்குச் சற்றும் குறைந்ததில்லை. பெயரில்லாத வசவு நம்பிக்கையைக் குலைக்கிறது; பெயரில்லாத புகழ்ச்சியையும் சந்தேகிக்க வேண்டிவருவது அதைவிடப் பெரிய இழப்பு.

பாதியில் நின்ற கதைகள்

முதல் விளைவு கண்ணுக்குத் தெரியும். தொடர்கதை நடுவில் நின்றுவிடுகிறது. வாரம் ஒரு அத்தியாயம் எழுதியவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்கிறார், பிறகு மாதம் என்கிறார், பிறகு தளத்தின் பக்கமே வருவதில்லை. சிலர் ஒரே இரவில் அத்தனை கதையையும் அழித்துவிடுகிறார்கள். அப்படி அழிந்த கதையைத் தேடி, பழைய பிரதி யாரிடமாவது இருக்குமா என்று கேட்டு அலையும் வாசகர்கள் எப்போதும் உண்டு. வசவு எழுதியவர் ஒருவர். நஷ்டம் ஆயிரம் பேருக்கு.

இரண்டாவது விளைவு சுலபத்தில் கண்ணில் படாது. வசவுக்குப் பயந்து விமர்சனத்தையே விலக்கிவிடும் பழக்கம் வந்துவிட்டது. கேட்காமல் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இன்றைய ஏஓ3 வாசகர்களிடம் வேரூன்றியிருக்கிறது. தபால் காலத்தையும் ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் காலத்தையும் பார்த்த மூத்தவர்கள் இதை ஒப்புவதில்லை; கறாரான கடிதங்களால்தான் எழுதப் பழகினோம் என்கிறார்கள். இளையவர்கள் சொல்லும் பதில்: இலவசமாகப் பாயசம் கொடுத்தவரிடம் சர்க்கரை குறைவு என்று சொல்வீர்களா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தாலும், பாயச உவமை முழுக்கப் பொருந்தாது. சமையல் கற்றுக்கொள்ள நினைக்கிறவருக்குச் சர்க்கரை குறைவு என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

சொல்கிற விதம் சரியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ரெபெக்கா பிளாக் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட நூலில் ஒரு சிறுமியின் வளர்ச்சியைப் பின்தொடர்ந்தார். அவளுக்கு அவர் வைத்த புனைபெயர் நானாகோ. சீனாவிலிருந்து 11 வயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவள். ஆங்கிலம் அப்போதுதான் கற்கத் தொடங்கியிருந்தாள். ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட்டில் ஒரு ஜப்பானிய அனிமே தொடரின் பாத்திரங்களை வைத்து எழுதிய அவள், ஆங்கிலம் தன் தாய்மொழி இல்லை, பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கதையின் முகப்பிலேயே குறிப்பு வைத்தாள். வாசகர்கள் கதையை முதலில் ரசித்தார்கள். பிழைகளை இதமாகச் சுட்டினார்கள். இந்த நிலையிலேயே இப்படி எழுதுகிறாயே என்று தட்டிக்கொடுத்தார்கள். நாளாக நாளாக மன்னிப்புக் கேட்கும் தொனி அவள் குறிப்புகளில் குறைந்தது. தனக்குத் தெரிந்த சீனத்தையும் ஜப்பானிய மொழியையும் கதைக்குள் துணிந்து சேர்க்கத் தொடங்கினாள். அதே சிறுமிக்கு முதல் வாரத்திலேயே அந்த இரண்டு வரிக் கெஸ்ட் கருத்து வந்திருந்தால் ஆய்வாளருக்கு எழுத நூல் இருந்திருக்காது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சிசிலியா அரகன், கேட்டி டேவிஸ் இருவரும் 2019இல் வெளியிட்ட நூலும் இதே பக்கம் நிற்கிறது. ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட்டின் கதைகளையும் ரிவ்யூக்களையும் பெருமளவில் ஆராய்ந்த அவர்கள், வெறும் வன்மமாக வந்தவை மிகச் சிறு பங்கே என்று கண்டார்கள். பின்னூட்டம் சேரச் சேர எழுத்தாளர்களின் சொல்வளம் கூடியதையும் பார்த்தார்கள். ஒரே குருவிடம் அல்லாமல் நூறு பேரிடம் துளித்துளியாகக் கற்கும் முறை இது. சிறு பங்கு என்பது ஆய்வாளரின் கணக்கு. அந்தச் சிறு பங்கு மொத்தமும் தன் ஒருத்தியின் கதைக்கே வந்து சேர்ந்தவருக்கு அந்தச் சதவீதம் ஆறுதல் தராது.

மொட்டைக் கடுதாசி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைச் சீனா காட்டியது. நடிகர் ஷியாவ் ஜானைப் பாத்திரமாக வைத்து எழுதப்பட்ட ஒரு ஃபிக், அவரை இழிவுபடுத்துவதாக அவருடைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் 2020 பிப்ரவரியில் கொதித்தெழுந்தார்கள். கதைக்குக் கீழே திட்டியதோடு நிற்காமல், கூட்டம் கூட்டமாக அதிகாரிகளுக்குப் புகார் அனுப்பினார்கள். பிப்ரவரி 29 அன்று சீனாவில் ஏஓ3 முடக்கப்பட்டது. ஒரு கதை பிடிக்காததால் அந்நாட்டு வாசகர்களுக்கு மொத்தக் களஞ்சியமும் போனது. கோபமடைந்த மற்ற வாசகர்கள் அந்த நடிகர் விளம்பரம் செய்த பொருள்களை வாங்க மறுத்தார்கள். அந்தக் கதையை எழுதாத, புகாரும் கொடுக்காத நடிகர் பக்கத்திலிருந்து மன்னிப்பு அறிக்கை வந்தது.

தாழ்ப்பாள்கள்

எழுத்தாளர்கள் கையில் இன்று இருக்கும் கருவிகள் முன்பைவிட அதிகம். ஏஓ3யில் ஒவ்வொரு கதைக்கும் யார் கருத்து எழுதலாம் என்று தீர்மானிக்கலாம்: எல்லாரும், கணக்கு உள்ளவர் மட்டும், அல்லது ஒருவருமில்லை. தான் பார்த்து அனுமதித்த பிறகே கருத்து வெளியே தெரியும்படி வைக்கலாம். ஒரு விவாதம் முற்றினால் அந்த இழையை மட்டும் உறையவைக்கலாம். தொல்லை தரும் பயனரைத் தடுக்கலாம். ஆனால் தடுக்க ஒரு கணக்கு வேண்டும், கெஸ்ட்டுக்கு அது இல்லை. கதையையே கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் காட்டும் வசதியும் உண்டு, தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு தெரியும். ஏஐ நிறுவனங்கள் கதைகளை அள்ளிச் செல்கின்றன என்ற செய்தி பரவிய பிறகு, வசவைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் அந்தப் பூட்டைப் போட ஆரம்பித்தார்கள்.

தொடர்ந்து துரத்தினால் தன்னார்வக் குழுவிடம் புகார் செய்யலாம். கதை பிடிக்கவில்லை என்று ஒரு தடவை எழுதிப்போவது அவர்கள் கணக்கில் துன்புறுத்தல் ஆகாது. அதில் தவறும் இல்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவே கூடாது என்றால் அது வேறுவிதக் கொடுமை.

அழிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பதில் எழுதாத கருத்தை அழித்தால் சுவடில்லாமல் மறைந்துவிடும். ஆத்திரத்தில் ஒரு பதில் போட்டுவிட்டுப் பிறகு அழித்தால், முந்தைய கருத்து நீக்கப்பட்டது என்ற அறிவிப்பு அந்த இடத்தில் கல்லறைப் பலகைபோல் நிற்கும். அடியில் எழுத்தாளரின் கோபம் மட்டும் தனியாகத் தொங்கும். அனுபவப்பட்டவர்கள் முதலில் அழிப்பார்கள், திட்டுவதை நண்பரிடம் தனியாக வைத்துக்கொள்வார்கள். இன்னொரு வினோதம்: கெஸ்ட்டாக எழுதியவருக்குத் தன் கருத்தைத் திருத்தவோ நீக்கவோ வழி கிடையாது. மறுநாள் காலையில் மனம் உறுத்தினாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வசவை அழிக்கும் உரிமை, வசவு வாங்கியவரிடம்தான் இருக்கிறது.

தொழில்நுட்பம் சாராத வழிகளும் நடைமுறையில் இருக்கின்றன. கருத்து அறிவிப்பு மின்னஞ்சல்களைத் தனி அடைவுக்குப் போகும்படி வைத்து, தெம்பாக இருக்கும் நாளில் மட்டும் திறப்பவர்கள் உண்டு. பீட்டாவிடம் கொடுத்து, அவர் வடிகட்டிச் சொல்வதை மட்டும் கேட்பவர்கள் உண்டு. கான்கிரிட் வேண்டுமா வேண்டாமா என்று கதை முகப்பிலேயே அறிவித்துவிடுபவர்கள் மிகுதி. புதுமைப்பித்தனும் 'சாபவிமோசனம்' கதைக்கு முன்னால் இப்படியொரு குறிப்பைத்தான் வைத்தார்: ராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைத் தான் பொருட்படுத்தவில்லை என்ற கருத்தில். இன்றைய ஃபிக் எழுத்தாளர் எட்டு வரியில் கெஞ்சி எழுதுவதை அவர் அலட்சியமாக முடித்துவிட்டார்.

பெயரைக் கட்டாயமாக்கினால்?

அடையாள அட்டை காட்டினால்தான் கருத்து எழுதலாம் என்று வைத்துவிட்டால் தீராதா என்ற யோசனை அவ்வப்போது எழும். தென்கொரியா அதைச் செய்து பார்த்தது. பெரிய தளங்களில் எழுதுகிறவர்கள் உண்மை அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்ற சட்டம் 2007இல் வந்தது. வன்மக் கருத்துகள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. 2011இல் ஒரு பெரிய இணைய நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது.

ஃபிக் உலகில் இந்தத் தீர்வு இன்னும் பொருந்தாது. எழுதுகிறவர்களே முகம் காட்ட முடியாதவர்கள். வேலை போகும் என்ற பயம், வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயம், தன்பால் காதலை எழுதினால் சிக்கல் வரும் நாடுகளில் அதைவிடப் பெரிய பயம். பெயரின்மையை ஒழித்தால் வசவுக்காரருக்கு முன்னால் எழுத்தாளர்தான் காணாமல் போவார்.

இங்கே தமிழ் வாசகருக்குச் சுலபமாக விளங்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கல்கி, புதுமைப்பித்தன், சுஜாதா எல்லாமே புனைபெயர்கள். சொந்தப் பெயர் தெரியாமலே பல வாசகர்கள் அவர்களைப் படித்தார்கள். ஆனால் அந்தப் பெயர்களுக்கு ஒரு சரித்திரம் இருந்தது. கடிதம் போட்டால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இருந்தது. மோசமாக எழுதினால் கெட்டுப்போக ஒரு நற்பெயர் இருந்தது. ஃபிக் எழுத்தாளர் பத்தாண்டாகக் காப்பாற்றி வரும் விசித்திரமான புனைபெயரும் அந்த ஜாதிதான். கெஸ்ட் என்பது புனைபெயர் கிடையாது. அதற்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. ஏஓ3யின் தாழ்ப்பாள்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வேறுபாட்டைத்தான்: உண்மைப் பெயர் கேட்கவில்லை, ஏதாவது ஒரு பெயரில் தொடர்ந்து இரு என்கின்றன. கணக்கு உள்ளவர்களிலும் வன்மக்காரர்கள் உண்டு. அவர்களைத் தடுக்கவாவது முடிகிறது.

விலை இல்லாமலில்லை. கெஸ்ட் கதவை மூடியவர்கள் பலர் முதலில் நிம்மதி அடைகிறார்கள். சில வாரம் கழித்து, கருத்துகளின் எண்ணிக்கை சரிந்ததைக் கவனிக்கிறார்கள். போனவர்களில் வசவுக்காரர் ஒருவர், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தவறாமல் இரண்டு வரி எழுதி, அடியில் ஒரே புனைபெயரைப் போட்டுவந்த கணக்கில்லாத வாசகரும் ஒருவர். திரும்ப வரச்சொல்லி எழுத அவருக்கும் முகவரி கிடையாது.

அநாதைக் கணக்கு

எதுவும் பலிக்காதவர்களுக்கு ஏஓ3யில் கடைசியாக ஒரு வழி இருக்கிறது. கதையை அழிக்காமல், தன்னை மட்டும் அதிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். அந்த வசதிக்கு அவர்கள் வைத்த பெயர் அநாதையாக்குதல். பொத்தானை அழுத்தினால் ஆசிரியர் பெயர் போய், அந்த இடத்தில் அநாதைக் கணக்கு என்று வந்துவிடும். திரும்பப் பெற முடியாது என்ற எச்சரிக்கையைத் தளம் முன்கூட்டியே காட்டும். அந்த ஒரே கணக்கின் கீழ் இப்போது எத்தனையோ பேர் விட்டுப்போன கதைகள் வரிசையாக நிற்கின்றன, முடிந்தவையும் பாதியில் நின்றவையும். படிக்க வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பலவற்றில் கருத்துப் பெட்டி இன்னும் திறந்திருக்கிறது. சிலர் உருகி உருகி எழுதுகிறார்கள், அடுத்த அத்தியாயம் எப்போது என்று கேட்கிறார்கள். அந்த அறிவிப்பு மின்னஞ்சல் கதையை எழுதியவருக்கு மட்டும் போவதில்லை.